டேராடூனுக்குப் போன மூலக்கூறுகள்

விருதுநகர்
12.3.2006

அன்புள்ள எழிலுக்கு,

பிரபாகரன் எழுதுவது. நானும் அய்யாவும் இங்கே சுகம். உன் சுகத்தையும், இந்தக் கடிதத்தை உனக்கு வாசித்துக் காட்டும் பொன்னுத்தங்கம் அக்காவின் சுகத்தையும் அறிய ஆவல்.

அக்கா, உங்களுக்கு என் வணக்கம். ராணுவத்தில் இருக்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு என்று எழில் சொன்னாள். அந்த நாளில் பஸ் ஏறி விடுதிக்கு வந்து என் கோழிக்கிறுக்கலை வாசிக்கிறீர்கள். அவள் சொல்லச் சொல்ல பதிலும் எழுதித் தருகிறீர்கள். டேராடூனில் ஒரு சாத்தூர்க்காரி கிடைத்தது எங்கள் நல்ல நேரம் என்று அய்யா சொல்கிறார். என் கையெழுத்து எங்கேயாவது விளங்காவிட்டால் தாண்டிப் போய்விடுங்கள். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எழில், போன ஞாயிறு போனில் பேசியது மனதுக்கு ஆறுதலாக இல்லை. உனக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. எனக்குப் பின்னால் பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்குள் கட்டாகிவிட்டது. ஆகையால் இனிமேல் கடிதமே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

பக்கவாதம் வந்த அய்யாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை. வலது கை நன்றாக இருக்கிறது. பகலில் அடுத்த வீட்டு வேலுத்தாய் வந்து பார்த்துக்கொள்கிறாள். காலையில் நான் கம்பெனி வேன் ஏறி சிவகாசிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறேன். தேர்தல் வருவதால் அச்சகங்களில் எல்லாம் நோட்டீஸ் வேலை. எங்கள் பகுதியில் வழக்கம்போல் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிற வேலைதான்.

வேலுத்தாய் நேற்று கேட்டாள்: “டீச்சரு கண்ணு ஆப்ரேசனுக்குத்தான அம்புட்டுத் தூரம் போயிருக்காக? எப்பக் கட்டுப் பிரிப்பாக?” ஆபரேஷன் இல்லை, மதுரையில் கை விரித்துவிட்டார்கள், பார்வை இனி வராது, பார்வை இல்லாமல் நடக்கவும் எழுதவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன். அவள் பெருக்குவதற்காக நாற்காலியை நகர்த்தினாள். நான் எழுந்து பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டேன். நீ கிளம்புவதற்கு முன்னால் உனக்குத் தட்டுப்படாமல் இருக்கட்டும் என்று எந்தெந்தச் சாமானை எங்கெங்கே வைத்தோமோ, எல்லாம் அங்கங்கேயே இருக்கின்றன. இப்போது முட்டிக்கொள்ள யாரும் இல்லை. ஆனாலும் நகர்த்த மனம் வரவில்லை.

உன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் உட்காரச் சொல்லித்தான் பேசினார். “சட்டப்படி டீச்சர் வேலைக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆனா கெமிஸ்ட்ரி பாருங்க. போர்டுல படம் போடணும்ல? மூலக்கூறு வடிவம்லாம் கண்ணால பாத்தாத்தான பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும்?” என்றார். உன் கடிதத்திலும் நீ இதையேதான் சொல்லியிருந்தாய், இனி ஒரு மீத்தேனைக்கூட வரைய முடியாது என்று. அந்த வரியை நான் வேனில் உட்கார்ந்து படித்தேன். சிவகாசி வரைக்கும் அதே நினைப்பு.

வரைய முடியாவிட்டால் என்ன, கையால் தடவிப் பார்க்கிற மாதிரி நான் செய்து தருகிறேன். அட்டையை வெட்டி வடிவம் கொண்டுவருவதுதானே என் பிழைப்பு. அலமாரியில் இருந்த உன் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கார்பன், நாலு பக்கமும் நாலு ஹைட்ரஜன். பார்க்கச் சிலுவை மாதிரி இருக்கிறது. கெட்டி அட்டையில் அதேபோல வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, இத்துடன் வைத்திருக்கிறேன். தடவிப் பார்த்துவிட்டு எழுதவும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லா மூலக்கூறையும் முடித்துவிடலாம் என்று நம்புகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். அக்காவுக்கு மறுபடியும் வணக்கம்.

இப்படிக்கு,
உன் பிரபாகரன்


விருதுநகர்
16.4.2006

அன்புள்ள எழிலுக்கு,

நீ சொல்லி அக்கா எழுதிய கடிதம் கிடைத்தது. நீ திட்டியதைக்கூட அக்கா ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறார்கள். “நீங்கள் அனுப்பியது லாரி ஏறி நசுங்கிய மீத்தேன்” என்பதைப் படித்து அய்யாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

புத்தகத்துக்குத் தாள் மட்டும்தான் இருக்கிறது, அதனால்தான் அது தட்டையாகப் போட்டுக் காட்டுகிறது, உலகத்துக்கு மேலும் கீழும் உண்டு என்று எழுதியிருந்தாய். கார்பனைச் சுற்றி நாலு எலக்ட்ரான் ஜோடிகள், அவை ஒன்றை ஒன்று பிடிக்காமல் தள்ளுகின்றன, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிற்கின்றன, அப்படி நின்ற இடமே மூலக்கூறின் வடிவம் என்றாய். எனக்கு வாசிக்கும்போது புரிந்த மாதிரி இருந்தது. கடிதத்தை மடித்ததும் புரியவில்லை. நீ சொன்னபடியே பலூன் வாங்கினேன்.

மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் வாங்கினேன். நீ இல்லாத பொங்கல். பொருட்காட்சிப் பக்கம் போகவில்லை. தனியாக ஒரு மனிதன் ஒரு பை நிறையப் பலூன் வாங்கினால் பலூன்காரர் கேட்கத்தானே செய்வார். “வீட்டுல எத்தன பிள்ளைக?” என்றார். மீத்தேனுக்கு என்று சொல்லவா முடியும்? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வைத்து ஊதினேன். இரண்டு பலூனின் வாயைச் சேர்த்துக் கட்டினால் எதிரும் புதிருமாக ஒரே கோட்டில் நிற்கிறது. மூன்றைக் கட்டினால் மின்விசிறி இறக்கை மாதிரி தட்டையாக விரிகிறது. நாலாவதைச் சேர்த்ததும் எழில், அது தானாக எழுந்துகொண்டது. மூன்று பலூன் கால் மாதிரி தரையில் ஊன்றுகிறது, ஒன்று மேலே பார்க்கிறது. புரட்டிப் போட்டாலும் அதேதான். எந்தப் பலூன் மேலே வந்தாலும் மற்ற மூன்றும் கால். நான் விடாமல் இரண்டு கையாலும் அமுக்கிச் சிலுவையாக்கிப் பார்த்தேன். கையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிட்டது. இதைத்தான் நீ நான்முகி என்று எழுதியிருக்கிறாய் என்று அப்போதுதான் விளங்கியது.

எனக்கு வடிவம் என்றால் வெட்டுவதுதான். யாராவது கத்தி வைத்தால்தான் அட்டை பெட்டியாகும். இங்கே யாரும் வெட்டவில்லை, மடிக்கவில்லை. ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து விலகி நிற்பதிலேயே வடிவம் வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் நீ வீட்டில் உட்கார்ந்து இந்தப் பாடத்துக்குத் தயார் செய்தபோது ஒரு நாளாவது நான் என்னவென்று கேட்டிருக்கலாம்.

திரும்பவும் அமுக்கியபோது ஒரு பலூன் வெடித்துவிட்டது. தெருவே வெளியே வந்துவிட்டது. வேலுத்தாய் ஈரக் கையோடு ஓடிவந்து, “எங்கன வெடிச்சுது? எந்தக் கம்பெனி?” என்று அலறினாள். அவள் மகள் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் திரி ஏற்றுகிறாள் அல்லவா. கையில் கிழிந்த பலூனோடு நான் நின்றேன். அவள் திட்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இனிமேல் அரை ஊது ஊதினால் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

கடைத்தெருவில் ரப்பர் பந்தும், கம்பெனி வேன்காரரிடம் சொல்லி ராக்கெட்டுக்கு வைக்கிற மூங்கில் குச்சியும் வாங்கியிருக்கிறேன். நீ சொன்ன நூற்று ஒன்பதரை டிகிரிக்கு ஓர் அட்டை அளவு வெட்டி, அதை வைத்து ஒவ்வொரு குச்சியாகக் குத்தினேன். மீத்தேன் முடிந்தது. அடுத்து அம்மோனியா. அதில் நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன்தான். மூன்று என்றால் மின்விசிறி மாதிரி தட்டைதானே? அப்படியே செய்துவிட்டேன். சரிதானா?

கடிதத்தின் கடைசியில், வேறு ஒன்றும் எழுத மாட்டீர்களா என்று கேட்டிருந்தாய். எழுத நிறைய இருக்கிறது எழில். எடுத்து எழுத உட்கார்ந்தால், இதை அக்கா வாய்விட்டு வாசிக்க வேண்டுமே என்று வந்துவிடுகிறது. அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. ஆகவே அம்மோனியாவைப் பற்றி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பிரபாகரன்


விருதுநகர்
25.6.2006

அன்புள்ள எழிலுக்கும், மதிப்பிற்குரிய பொன்னுத்தங்கம் அக்காவுக்கும்,

எல்லோரும் சுகம். மழை இல்லை. ஆனைக்குட்டம் அணையில் மண்தான் தெரிகிறது என்று வேனில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். சீசன் ஆரம்பித்துவிட்டது. தீபாவளி லோடுக்குப் பெட்டி கேட்டு ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது.

பார்சல் வந்து சேர்ந்ததா? அதை அனுப்பிய கதையைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றில்தான் எல்லாவற்றையும் கட்டினேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் பெட்டியின் மேல் இருந்த பூச்சட்டிப் படத்தைப் பார்த்தவுடன் கையை எடுத்துவிட்டார். “பட்டாசு பார்சல்லாம் எடுக்க மாட்டோம் சார். கொண்டு போங்க” என்றார். பட்டாசு இல்லை என்றேன். நம்பவில்லை. பிரித்துக் காட்டினால், பந்தும் குச்சியும் பஞ்சும். அது இன்னும் மோசமாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பின்னால் நகர்ந்தார்கள். கடைசியில் மேஜை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது தண்ணீர், இது மீத்தேன், இது அம்மோனியா என்று சொன்னேன். போஸ்ட் மாஸ்டர் உள்ளேயிருந்து வந்து தண்ணீரைக் கையில் எடுத்துப் பார்த்து, “ஏன் வளைஞ்சிருக்கு? அனுப்புறப்ப வளைஞ்சிரும்னு இப்பவே வளைச்சிட்டீகளா?” என்று கேட்டார். வளைந்துதான் இருக்கும் என்றேன். வேறு பெட்டியில் மாற்றிக் கட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அது ஏன் வளைந்திருக்கிறது என்பது எனக்கே நீ போன கடிதத்தில் சொல்லித்தான் தெரியும். என் தட்டை அம்மோனியாவையும் நீ லாரிக்கு அடியில் அனுப்பிவிட்டாய். நைட்ரஜனிடம் வெளிக்கூட்டில் இருப்பது ஐந்து எலக்ட்ரான், அதில் மூன்று ஹைட்ரஜனோடு பங்கு போகிறது, மீதி இரண்டும் ஒரு ஜோடியாக யாரோடும் சேராமல் மேலே நிற்கிறது, அதையும் எண்ணினால் நாலு ஜோடி, ஆகவே அதுவும் நான்முகி போலத்தான் என்றாய். கண்ணுக்குப் படுவது மூன்று கால் மட்டும், முக்காலி. நாலாவது இடத்தில் அணு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த இடம் காலி இல்லை.

பங்கு போட்ட ஜோடியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருப்பதால் அது ஒல்லியாக நிற்கிறது, தனி ஜோடியை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பதால் அது அகலமாகப் பரவி மற்றவற்றை நெருக்குகிறது என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதனால்தான் நூற்று ஒன்பதரை, அம்மோனியாவில் நூற்று ஏழாகிறது. தண்ணீரில் தனி ஜோடி இரண்டு, ஆகவே நூற்று நாலரை. தண்ணீர் மட்டும் நேராக இருந்திருந்தால் அது தண்ணீராகவே இருந்திருக்காது, ஆவியாகப் பறந்திருக்கும், உப்பும் கரைந்திருக்காது என்று நீ எழுதிய அன்றைக்கு, செம்பில் தண்ணீர் மோந்து குடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜோடி என்றால் இரண்டு, பிறகு ஏன் தனி என்று கேட்டிருந்தேன். இருவராக இருந்தும் வேறு யாரோடும் பிணைப்பு இல்லாததால் தனி என்று பதில் எழுதியிருந்தாய். நாமும் கல்யாணமாகி இத்தனை வருஷம் இருவராகவே இருந்திருக்கிறோம். அது போகட்டும்.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஜோடியை உன் கைக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். வெறுமனே விட்டால் விரல் தாண்டிப் போய்விடும். பந்து வைத்தால் இன்னோர் அணு என்று ஆகிவிடும். அதனால் மெல்லிய துணியில் இலவம் பஞ்சை வைத்து, கொஞ்சம் பெரிதாகவே கட்டி ஒட்டியிருக்கிறேன். பஞ்சு கடையில் வாங்கவில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு தலையணையில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது.

நீ கேட்டபடி வெடியுப்பில் இருக்கிற நைட்ரேட்டும், தீக்குச்சி மருந்தில் இருக்கிற குளோரேட்டும் செய்தேன். இரண்டிலும் நடுவில் ஒன்று, சுற்றி மூன்று ஆக்ஸிஜன். ஆனால் தனி ஜோடி இல்லாத நைட்ரேட் தட்டை. குளோரேட்டுக்கு ஒரு தனி ஜோடி இருப்பதால் அது முக்காலி. பெட்டியில் வைப்பதற்கு முன் அய்யா கையில் குளோரேட்டைக் கொடுத்தேன். பண்ணை வேலையை விட்டு வந்த நாள் முதல் படுக்கையில் விழும் வரை தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கியவர் அல்லவா. வலது கையால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இம்புட்டுக் காலமா இதத்தானா நான் குச்சியில முக்குனேன்?” என்றார். ஆமாம் அய்யா, இதைவிடக் கோடி மடங்கு சின்னதாக என்றேன். “இந்தப் பஞ்சு என்னலே?” “அங்கன ஒரு ஜோடி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது.” “தெரியாதத எப்படிலே வச்ச?” “எழில் சொன்னா.” “அப்பச் சரி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். போன வாரம் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். இன்னொரு செட் செய்து எடுத்துக்கொண்டு போனேன், பலூன்களும். தாளாளர், தலைமையாசிரியர், இன்னும் இரண்டு பேர். பலூனைக் கட்டிக் காட்டினேன். எழில் இப்படித்தான் பாடம் நடத்துவாள், படம் போட வேண்டியதில்லை, பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடலாம், படத்தில் தட்டையாகத் தெரிவது கையில் சரியாகத் தெரியும் என்றேன். நாக்கு குழறாமல்தான் பேசினேன். அதில் ஒருவர், ஆக்ஸிஜனுக்கு இரண்டு தனி ஜோடி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அது எழிலுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் கோபப்படவில்லை. “டீச்சருக்குத் தெரியும்கிறதுல எங்களுக்குச் சந்தேகமே இல்லைங்க. லேப்ல ஆசிட் இருக்கு. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். சம்பளம் குறையாது, நூலகத்தில் போடுகிறோம், ஜூலையிலேயே வந்து சேரலாம் என்று சொன்னார்கள்.

வாசிக்க முடியாதவளுக்கு நூலகம். பலூன்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எடுத்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். ஆனாலும் வேலை வேலைதானே, வீட்டிலிருந்தே போய் வரலாம், காலையில் நான் வேன் ஏறுமுன் உன்னைக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். யோசித்து எழுதவும். சீக்கிரம் எழுதவும்.

அக்காவுக்கு வணக்கம்.

பிரபாகரன்


விருதுநகர்
10.9.2006

எழில்,

இதை யாரும் உனக்கு வாசிக்க வேண்டாம். உன் விரலுக்கு நேராக எழுதுகிறேன்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் டெலிபோன் போர்டில் கருப்பணன் என்று ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய் இந்தப் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டேன். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பினால் சரியாக வருகிறது. அச்சு வேலை பார்க்கிறவனுக்கு இட வலம் மாறுவது பழக்கம்தான். தாள்தான் கிழிந்துகொண்டே இருந்தது. “அழுத்திக் குத்துங்க. ஆனா கோவமாக் குத்தாதீக” என்றார். இது காலண்டர் தாள். கெட்டியாக இருக்கிறது. தப்பு இருந்தால் திருத்தாமல் வாசி.

நீ ஜூலையில் எழுதிய கடிதத்துக்கு இதுவரை நான் பதில் போடவில்லை. போனிலும் பிடி கொடுக்கவில்லை. வேலை அதிகம் என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

நான் அனுப்பிய பெட்டியை நீ விடுதியில் பிரித்தது, பக்கத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டது, அறிவியல் உங்களுக்கு ஆகாது, பாட்டும் சரித்திரமும் படியுங்கள் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள் என்பது, எல்லாம் எழுதியிருந்தாய். ஒரு சிறுமி தண்ணீரைத் தடவிப் பஞ்சில் விரல் பட்டதும், இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தபோது, நீ மறுபடியும் வகுப்பில் நிற்கிற மாதிரி இருந்தது என்றாய். அங்கேயே ஆசிரியராக இருக்கச் சொல்கிறார்கள், நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய்.

எனக்குக் கோபம் வந்தது. உன்னைத் திரும்ப வரவழைக்கத்தான் ஒவ்வொரு குச்சியும் சீவினேன். அதுவே உன்னை அங்கே உட்கார வைத்துவிட்டது. குழுவுக்குக் காட்டிய செட் வீட்டில் இருந்தது. அதைப் பிய்த்துப் போட்டேன். ஒரு குச்சிகூட மிச்சம் இல்லை. இதை எல்லாம் அக்கா வாய் வழியாக உனக்குச் சொல்ல முடியுமா? அதனால்தான் பேசாமல் இருந்தேன்.

அய்யாதான் கேட்டார். “அவளுக்கு என்னலே எழுதுன?” ஒன்றும் எழுதவில்லை என்றேன். “இங்கன வந்து அவ என்ன செய்யணும்? எனக்குக் கஞ்சி ஊத்தணுமா?” என்றார். நான் கஞ்சியை ஆற்றினேன். “நீ செய்யிற கஞ்சியே நல்லாத்தான இருக்கு” என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிகம். வாய் கோணிக்கொண்டது. நான் துடைத்துவிட்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நூலகத்தில் நீ நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பாய். நான் காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்து வருவேன். எனக்கு நிம்மதியாக இருக்கும். உனக்கு? அதை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. நீ நேரில் இருந்தால் போதும் என்றே நினைத்தேன்.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்கும்போது உள்ளே அய்யாவின் இருமல் கேட்கிறது. நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவது கேட்கவில்லை. சாப்பிடும்போது ஒரு தட்டு. துணி காயப்போடும்போது கொடியில் பாதி காலி. உன் குரல் எப்படி இருக்கும் என்று சில நாள் நினைத்துப் பார்க்கிறேன். போனில் கேட்கிற குரல் இல்லை. வீட்டில் கேட்கிற குரல். இதை இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் குத்த வேண்டியிருப்பதால் சுற்றி வளைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டேன்.

நீ அங்கே இரு. சம்மதம் என்று சொல்லிவிடு. பள்ளிக்கு விடுப்பை நீட்டிக்கக் கேட்டு ஒரு கடிதம் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அய்யாவை விட்டு என்னால் அங்கே வந்து தங்க முடியாது. உனக்கும் தெரியும். அவர் இருக்கும் வரை இப்படித்தான். அதற்காக நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே, நானும் அவரைச் சொல்ல மாட்டேன்.

ஐந்து ஜோடிக்கும் ஆறு ஜோடிக்கும் எப்படி நிற்கும் என்று எழுது. மறுபடியும் குச்சி வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தண்ணீராவது வேண்டும் அல்லவா? உன் வகுப்பில் எத்தனை பேர் என்று சொல். எல்லோருக்கும் நன்றாகச் சொல்லிக்கொடு. அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்கள் எனக்காக வாசித்த ஒவ்வொரு ஞாயிறுக்கும் நான் கடன்பட்டவன் என்று சொல்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்கு விடுமுறை விடுவார்கள். அய்யாவை வேலுத்தாய் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் ரயில் ஏறி வருகிறேன். டெல்லி வரைக்கும் எப்படியாவது வந்துவிடுவேன், டேராடூன் ரயிலையும் கேட்டுப் பிடித்துவிடுவேன். அதற்கப்புறம் எனக்கு வழி தெரியாது. ஹிந்தியும் தெரியாது. நீ கம்பை ஊன்றித் தனியாகக் கடைத்தெரு வரை போய் வருகிறாய் என்று எழுதியிருந்தாய்.

ஸ்டேஷனுக்கு நீ வா, எழில். வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ.

உன்
பிரபாகரன்